நாலாம் நம்பர் கல்

மதுரை பழங்காநத்தத்தில் சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் ஒரு துப்பறியும் நிலையம். மூச்சு வாங்க ஏறி வந்த மனிதர் வாசலிலேயே நின்று, "நாளைக்குப் பத்து மணிக்கு என் வேலை போயிரும் சார்" என்றார். அவருக்கு முதலில் தண்ணீர் கொடுப்பதா, நாற்காலி கொடுப்பதா என்று எடுபிடி கருத்தக்கண்ணனுக்குக் குழப்பம். வந்தவர்களுக்கென்று இருந்த நாற்காலி ஒன்றுதான். அதில் அவனே உட்கார்ந்திருந்தான். ஆகவே தண்ணீர் கொடுத்தான்.

வந்தவர் பெயர் சின்னச்சாமி. அரசாங்க இலாகா ஒன்றில் ஓவர்சியர். ஞாயிற்றுக்கிழமையிலும் சட்டைப்பையில் அளவு நாடாவோடு அலைகிற ரகம். தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரை மேஜையின் ஓரத்துக்குச் சரியாக இணையாக வைத்தார். பிறகுதான் கதையைச் சொன்னார்.

ராமநாதபுரம் சீமையில் வலைமுனை என்று ஒரு கடற்கரை. அங்கே மதுரைப் பெரும்புள்ளி காளையப்பன், ஊர் சுற்ற வருகிறவர்கள் தங்கிக் கடல் பார்ப்பதற்கென்று முப்பது குடில்கள் கட்டத் தொடங்கினார். குடில் எழும்ப எழும்பக் கடல் கிட்டே வந்துகொண்டிருந்தது. சின்னச்சாமி தை மாதம் போய், தண்ணீர் ஓரத்திலிருந்து ரோடு வரைக்கும் வரிசையாகப் பன்னிரண்டு கருங்கற்களை நட்டு, ஒவ்வொன்றின் நெற்றியிலும் நம்பர் கொத்திவிட்டு வந்தார். பங்குனியில் மறுபடி போனபோது அலை ஐந்தாவது கல்லின் காலை நனைத்துக்கொண்டிருந்தது. முதல் நாலு கற்களைக் காணோம். அவர் எழுதிய அறிக்கையின் பேரில், அடுத்த அளவு எடுக்கும்வரை ஆறு மாதத்துக்கு அந்தக் கரையில் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள்.

காளையப்பன் சும்மா இருப்பாரா? ஓவர்சியர் நட்டதே எட்டுக் கல்தான், ஐந்தாம் நம்பரிலிருந்து கொத்தி நட்டுவிட்டு நாலைக் கடல் விழுங்கியதாகக் கதை கட்டுகிறார், கடல் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது என்று மனு எழுதிப் போட்டார். நாளைக்கு அதன்மேல் விசாரணை.

"விசாரிக்கப்போறது எங்க பெரிய ஆபீசர் ஜெயக்கொடி சார்" என்றார் சின்னச்சாமி. "மகா கறார். காகிதந்தான் பேசணும், மனுசன் பேசக் கூடாதும்பாரு. என்கிட்ட காகிதம் இருக்கு, கல்லு இல்ல. வலைமுனை ஆளுங்க மூணு நாள் முங்கித் தேடிட்டாங்க. அவங்களுக்கும் வேற வழியில்ல சார். குடிலுக்கு முன்னால காளையப்பன் கட்டப்போற தடுப்புச் சுவர் எழும்பிட்டா, அலை திரும்பி அவங்க நாப்பது குடிசையத்தான் அடிக்கும். என் வேலை போனா அந்த உத்தரவும் சேந்து போயிரும்."

அதுவரை சன்னலோரம் நின்று எதையோ மென்றுகொண்டிருந்த தனிஸ்லாஸ் திரும்பினார். துப்பறியும் நிலையத்தின் முதலாளி, காரியதரிசி, கணக்கப்பிள்ளை எல்லாம் அவர்தான். அதற்கு முன் இருபத்தோரு வருடம் மிஷன் பள்ளிக்கூடத்து ரசாயனக் கூடத்தில் உதவியாளர். 'எதையும் வாயில் வைக்காதே' என்று இருபத்தோரு வருடம் பிள்ளைகளை நோக்கிக் கத்தியவர், வேலையை விட்ட மறுநாளிலிருந்து கண்ணில் பட்டதையெல்லாம் வாயில் வைக்க ஆரம்பித்திருந்தார். இப்போது மென்றது சன்னல் கம்பியில் ஒட்டியிருந்த ஏதோ ஒன்று. அது என்னவென்று கேட்கிற துணிச்சல் கருத்தக்கண்ணனுக்கு இல்லை.

"கடல் மண்ணைத் திங்கும், சரி. ரெண்டு ஆள் தூக்குற கருங்கல்லைத் திங்குமா?" என்று கேட்டார் தனிஸ்லாஸ்.

"பசி வந்தா எதைத்தான் திங்காதுண்ணே?" என்றான் கருத்தக்கண்ணன். "எங்க இருளாயி அத்தை வீட்டு ஆடுக இப்ப மணலத் திங்குதுக."

தனிஸ்லாஸ் மெல்லுவதை நிறுத்தினார். "எதைத் திங்குது?"

"மணலண்ணே. நாகமலை புதுக்கோட்டையில எவனோ வீடு கட்டுறான். காலையில பட்டியத் தெறந்துவிட்டா பதினோரு ஆடும் வரிசையா அங்கன போயி, குமிச்ச மணல நக்கிக்கிட்டு நிக்குதுக. மேச்சலும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. சாயங்காலம் வந்து ஒரு தொட்டித் தண்ணி குடிக்குதுக. எவனோ மருந்து வச்சிட்டான், நீ துப்பறிஞ்சு சொல்லுடான்னு அத்தை ஒரே அழுகை. நாங்க ஆட்டுக் கேசெல்லாம் எடுக்கிறதில்லன்னு கௌரவமாச் சொல்லிட்டு வந்துட்டேன்."

"எந்திரிடா."

"எங்கண்ணே?"

"ஆட்டுக் கேசு எடுத்தாச்சு."

*

டவுன் பஸ்ஸில் மூன்று பேருக்கும் சேர்ந்து ஒன்றரை இருக்கை கிடைத்தது. ஒன்று சின்னச்சாமிக்கு. அரையில் தனிஸ்லாஸ். கம்பியில் கருத்தக்கண்ணன்.

"ஆடு எதைத் தேடிப் போய் நக்கும்?" என்று வகுப்பு எடுக்கிற தோரணையில் கேட்டார் தனிஸ்லாஸ்.

"எங்க அத்தை ஆடா இருந்தா என் சட்டைய நக்கும்."

"ஏன்? உன் வேர்வையில உப்பு இருக்கு. வைகை மணல்ல உப்பு ஏது? அப்படியிருக்க, உப்பு மணல் மதுரைக்கு எப்படி வந்துச்சு?" அவர் சின்னச்சாமியின் பக்கம் திரும்பினார். "வலைமுனையில லாரி வந்து போகுமா?"

"குடில் கட்டச் செங்கல் கொண்டாந்து எறக்குவாங்க சார். எறக்கிட்டு வெறும் வண்டியாத்தான்..." சின்னச்சாமி நடுவில் நிறுத்திக்கொண்டார். வாய் திறந்தபடி இருந்தது.

"வெறும் வண்டியாத் திரும்புனா டிரைவருக்கே மனசு வலிக்குமே" என்றான் கருத்தக்கண்ணன். "அப்ப அந்தக் காளையப்பன் தன் வாசலையே தோண்டி ஊருக்குத் தானம் பண்ணுறாரா? கர்ணன் தோத்தான்ணே."

"யாருக்குத் தானம்னு போய்ப் பார்ப்போம்" என்றார் தனிஸ்லாஸ்.

*

அத்தை சொன்னதில் பொய்யில்லை. மலையடிவாரத்தில் பாதி எழும்பிய ஒரு வீடு. மாடி வைக்க ஏற்பாடான, தாராளமான வீடு. முன்னால் ஆள் உயரத்துக்கு மணல் குவியல். குவியலைச் சுற்றிப் பதினோரு ஆடுகளும், விசேஷ வீட்டுப் பந்தியில் இடம் பிடித்தவர்களைப் போலத் தலை நிமிராமல் வேலையில் இருந்தன. கொஞ்சம் வசதியான இரண்டு ஆடுகள் குவியலை விட்டுவிட்டுப் பூசிய சுவரையே நக்கிக்கொண்டிருந்தன. சுவரில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

தனிஸ்லாஸ் ஒரு சிட்டிகை மணலை எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடினார்.

"என்னண்ணே?"

"கடல்."

"அப்படியே எந்த ஊருக் கடலுன்னும் சொல்லிட்டீங்கன்னா வேலை முடிஞ்சிரும்."

அதற்குள் சின்னச்சாமி குவியலைக் கிளறி ஒரு கை கிளிஞ்சல் பொறுக்கியிருந்தார். அளவு நாடாவை எடுத்து அவற்றையே அளக்கத் தொடங்கினார். கருத்தக்கண்ணன் அதைப் பார்க்காதது போல வேறு பக்கம் திரும்பினான். திரும்பின பக்கத்தில்தான் சாமி இருந்தது.

வீட்டின் முன் மூலையில், தூணுக்கென்று கோடு போட்ட இடத்தில், முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். மேலே மஞ்சள், அதன்மேல் சந்தனம், அதன்மேல் மூன்று விரல் அகலக் குங்குமம். இடுப்பில் சிவப்புத் துண்டு, கழுத்தில் அன்றைக்குக் கட்டிய அரளி மாலை. எதிரே ஒரு லாரி நிற்க, அதன் டிரைவர் குளித்த தலையோடு நின்று எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தான்.

"சார்" என்று முனகினார் சின்னச்சாமி. "அந்தக் கல்லு... தலைப்பக்கம் சரிவாக் கொத்தியிருக்கில்ல? அது நான் கொத்தச் சொன்ன சரிவு."

கருத்தக்கண்ணனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அது அரசாங்கச் செலவில் உடைத்த கல், ஓவர்சியர் நட்ட கல், கடல் ஓரத்திலிருந்து களவு வந்த கல். எல்லாம் தெரிந்தும் அவன் கைகள் தாமாகக் குவிந்துகொண்டன. குங்குமம் வைத்துவிட்டால் பிறகு கல்லிடம் வம்பு வைத்துக்கொள்கிற வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை. ஞாயிறு பூசை பார்த்துவிட்டு வந்திருந்த தனிஸ்லாஸும் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

"சாமி பேரு என்னப்பா?" என்று டிரைவரிடம் கேட்டார்.

"நம்பர் கருப்புங்கய்யா." டிரைவர் நல்லகாமன் பெருமையாகச் சொன்னான். "நெத்தியில நாலுன்னு நம்பரு இருக்கு. சந்தனத்துக்கு அடியில. எந்தச் சாமிக்காவது நம்பரு உண்டா? கவர்மெண்டே ஒத்துக்கிட்ட சாமிங்க."

"வந்தது எப்படி?"

"மணலோட வந்தாரு. இந்த மூலையில லோடு கொட்டுறேன், மொதல்ல இவரு விழுகுறாரு, அதே செகண்டுல என் வண்டி அச்சு முறியுது. மூணு நாள் வண்டி நகரல. மெக்கானிக்கு வந்து கையை விரிச்சிட்டான். நாலாம் நாளு இவர நட்டு வச்சு ஒரு தேங்கா ஒடச்சேன். அச்சு ஏறிருச்சு. அதுலருந்து இவரக் கேக்காம வண்டி எடுக்கிறதில்ல."

"மணல் எந்த ஊரு?"

நல்லகாமன் கையிலிருந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்தான். "வைகை மணலுய்யா."

தனிஸ்லாஸ் குவியலிலிருந்து ஒரு சின்னச் சங்கை எடுத்து நீட்டினார். "வைகையில இது விளையுதா?"

"இருக்கும்ணே" என்று குறுக்கே விழுந்தான் கருத்தக்கண்ணன். "அழகர் ஆத்துல எறங்குறப்ப எவனாச்சும் ஊதிட்டுப் போட்டிருப்பான்."

தனிஸ்லாஸ் சிரிக்கவில்லை. கல்லின் முன் இருந்த தட்டில் ஒரு சூடம் வைத்து ஏற்றினார். "ஒண்ணும் வேணாம்ப்பா. இது வைகை மணலுதான்னு சொல்லி, இந்தச் சூடத்த அடிச்சு அணைச்சிரு. நாங்க பாட்டுக்குப் போயிர்றோம்."

போலீஸ் ஸ்டேஷனில் நாலு நாள் வைத்துக் கேட்டிருந்தால்கூட நல்லகாமன் 'வைகை' என்றே சொல்லியிருப்பான். இங்கே அவன் கை சூடத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றுவிட்டது. தீ எரிகிறது. கை இறங்கவில்லை. கையை இழுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"வலைமுனைங்கய்யா. செங்கல்ல எறக்கிட்டு, தண்ணி ஓரமா மணல அள்ளி ஏத்திட்டு வரச் சொல்லி காளையப்பன் மொதலாளி உத்தரவு. தோண்டுன பள்ளத்துல கடலு வந்து நின்னுக்குது. நாங்க பின்னால தள்ளித் தோண்டுவோம், அதுவும் பின்னாலயே வரும். வைகைன்னு சொல்லச் சொன்னதும் அவருதான்."

"இன்னும் மூணு கல்லு எங்க?" சின்னச்சாமி கிட்டத்தட்டக் கத்தினார்.

"பழங்காநத்தத்துல, மொதலாளி ஆபீசு வாசல்ல படியாக் கெடக்கு. நம்பர் அடிப்பக்கம்."

சின்னச்சாமியின் முகம் போன போக்கைப் பார்த்துக் கருத்தக்கண்ணன், "என்னங்க சார்?" என்றான்.

"அந்தப் படியில ஏறிப் போய்த்தான் வேலைய நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் குடுத்தேன். ரெண்டு தடவ" என்றார் அவர். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். ஒரு மாதமாகச் சிரிக்காத மனிதர் என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

சத்தம் கேட்டு வீட்டுக்குள்ளிருந்து ஒரு அம்மாள் வந்தார். கையில் பூசைத் தட்டு. வீட்டுக்காரி சீனியம்மாள். யார், என்ன என்று விசாரிப்பதற்கு முன்பே, "செருப்பக் கழட்டிட்டீங்கள்ல? அந்தப் பக்கமா நில்லுங்க" என்று மூவரையும் ஒதுக்கிவிட்டு, கல்லுக்கு விளக்கு ஏற்றினார். பிறகு சொன்னார்: "இந்தத் தூணு வேலை ஒரு மாசமா நிக்குது. கொத்தனாரு கடப்பாரை போட மாட்டேங்கிறாரு. எனக்கும் வருத்தமில்ல. சாமி தானா வந்து வாசல்ல ஒக்காந்தா சும்மாவா? எங்க வீட்டுக்காரருதான் தாம்தூம்னு குதிக்கிறாரு."

"வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறாங்கம்மா?" என்று பணிவாகக் கேட்டார் தனிஸ்லாஸ்.

பதில் ஸ்கூட்டரில் வந்தது. வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, தொப்பியைக் கழற்றியபடி, "ஆட்டை வெரட்டுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று இறங்கின மனிதரைப் பார்த்ததும், சின்னச்சாமி நம்பர் கருப்புக்குப் பின்னால் ஒளிய முயன்றார். முழங்கால் உயரச் சாமி அதற்குப் போதவில்லை.

"எங்க ஆபீசர்" என்றார். குரல் காற்றாக வந்தது. "ஜெயக்கொடி சார்."

கருத்தக்கண்ணன் கணக்குப் போட்டுப் பார்த்தான். நாளைக் காலை பத்து மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து, கல் எங்கே என்று கேட்கப்போகிற மனிதரின் வீட்டு வாசலில் கல் நிற்கிறது. கடல் எங்கே போனது என்று கேட்கப்போகிறவரின் சுவருக்குள் கடற்கரை இருக்கிறது. இதற்குமேல் யாரிடம் போய் மனு கொடுப்பது?

ஜெயக்கொடி ஓவர்சியரைப் பார்த்தார். அவர் கையிலிருந்த கிளிஞ்சல்களைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்திருந்த டிரைவரைப் பார்த்ததும் முழுவதும் விளங்கிவிட்டது. ஆனாலும் அதிகாரி அதிகாரிதான். "சின்னச்சாமி, விசாரணை நாளைக்கு. ஆபீஸ்ல. இங்க உங்களுக்கு என்ன வேலை? அது யாரோ போட்ட கல். அப்புறப்படுத்தச் சொல்லி ஒரு மாசமாச் சொல்லிட்டிருக்கேன். இன்னைக்கே பெயர்த்துருவோம்."

"யாரு கல்லுங்க அது?" என்று சீனியம்மாள் கேட்டார்.

தனிஸ்லாஸ் சின்னச்சாமியின் தோளில் கை வைத்து முன்னால் தள்ளினார். ஓவர்சியர் சொல்ல ஆரம்பித்தார். வலைமுனை, பன்னிரண்டு கல், நாப்பது குடிசை, உத்தரவு, மனு. காகிதத்தில் எழுதுகிற பாஷையில் தொடங்கியவர், குடிசைகளுக்கு வந்தபோது சாதாரண மனிதனாகப் பேசிக்கொண்டிருந்தார். நல்லகாமன் மீதியைச் சொன்னான்.

சீனியம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்தார்.

"ஏங்க, காளையப்பன் மணல் இனாமாத்தான் அனுப்புறாரா?"

"சும்மா பழக்கத்துக்கு... வைகை மணலுன்னுதான் சொன்னாரு."

"நீங்க நம்புனீங்களா?"

ஜெயக்கொடி கழுத்தைத் துடைத்துக்கொண்டார். சீனியம்மாள் எழுந்து தட்டில் புதிதாக ஒரு சூடம் வைத்து ஏற்றினார்.

"நம்புனேன்னா இத அணைங்க. நான் ஒரு வார்த்த கேக்கல."

சூடம் எரிந்தது. ஆடுகள் நக்கிக்கொண்டிருந்தன. 'காகிதந்தான் பேசணும்' என்கிற மனிதர் தீயைப் பார்த்தபடி நின்றார். ஓடிப்போய் ஊதி அணைத்துவிடலாமா என்றுகூடக் கருத்தக்கண்ணனுக்குத் தோன்றியது. பார்க்க அவ்வளவு பாவமாக இருந்தது. சூடம் தானாகவே எரிந்து தீர்ந்தது.

"முப்பது நாளா கும்புட்டிருக்கேன்" என்றார் சீனியம்மாள். "எவன் வாசலையோ அள்ளிட்டு வந்து என் வாசல்ல கொட்டியிருக்கு. அதுல வந்த சாமிகிட்டயே என் வீட்டக் காப்பாத்துன்னு கேட்டிருக்கேனே, எனக்கு வெக்கமா இருக்குங்க. நாளைக்கு அந்த நாற்காலியில நீங்க ஒக்காரக் கூடாது. விசாரிக்க வேற ஆளப் போடச் சொல்லுங்க. நீங்க எதுத்தாப்புல நின்னு சாட்சி சொல்லுங்க."

"என் வேலைக்கு ஆபத்துடி."

"இந்தத் தம்பி வேலைக்கு ஆபத்து வந்தப்ப நல்லாத்தான தூங்குனீங்க?"

ஜெயக்கொடி தொப்பியை ஸ்கூட்டர்மேல் வைத்தார். சின்னச்சாமியைப் பார்த்து, "பேப்பர் இருக்காப்பா?" என்றார். அவரிடம் பேப்பர் இல்லாமல் எந்த நாளில் இருந்தது? சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளும் பேனாவும் வந்தன.

"அய்யா, சாமியப் பேத்துருவீங்களா?" என்று டிரைவர் கையைப் பிசைந்தான்.

"பேக்க வேணாம்" என்றார் சின்னச்சாமி. "நாளைக்கு விசாரிக்கிறவங்கள இங்க கூட்டியாந்து காட்டுறேன். கரையில அஞ்சாவது நிக்குது. அளக்க அது போதும்."

சீனியம்மாள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து மணல் குவியலின் முன் நின்றார். ஆடுகள்கூடக் கொஞ்சம் விலகின.

"கொத்தனார்ட்ட சொல்லிருங்க, தூணு மட்டுமில்ல, மொத்த வீட்டு வேலையும் நிக்கட்டும். நல்லகாமா, காட்டுறதுக்கு ஒரு கூடை ஒதுக்கி வச்சிட்டு மிச்சத்த அள்ளு. எடுத்த எடத்துலயே கொண்டு போய்க் கொட்டிட்டு வா." அவர் கணவர் பக்கம் திரும்பினார். "சுவத்துக்குள்ள போனதுக்கு நீங்க கையெழுத்துப் போடுங்க."

லாரியின் மட்கார்டில் தாளை வைத்து ஜெயக்கொடி எழுதினார். நாலே வரி: மணல் வந்த வழி, வாசலில் நிற்கிற கல், விசாரணையிலிருந்து தான் விலகுவது, சாட்சி சொல்ல வருவது. கீழே முழுப் பெயர் போட்டுக் கையெழுத்திட்டு நீட்டினார். சின்னச்சாமி அதை இரண்டு தடவை படித்தார், மூன்றாவது தடவை படிக்க முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.